ஹிரகானா கருத்தா அட்டைகள்: இரண்டு வருடப் புழக்கத்துக்குப் பிறகு

பிள்ளைகளுக்கு வீட்டிலேயே ஜப்பானிய மொழியின் அடிப்படை எழுத்தான ஹிரகானாவைப் பழக்க, கருத்தா என்ற ஜப்பானிய விளையாட்டு அட்டை வாங்கலாமா என்று இந்த மாதமும் ஒரு நண்பர் கேட்டார். விலை குறைந்திருக்கிறதாம். ஆட்டம் எப்படி என்பது பலருக்கும் தெரியும்: ஒருவர் வாசிப்பு அட்டையைப் படிக்க, தரையில் பரப்பிய பட அட்டையை முதலில் தட்டுபவருக்கு அது சொந்தம். எங்களிடம் இருக்கும் அட்டைக் கட்டில் 44 ஜோடி.

முதலில் என் பெரிய மனக்குறை. உதாரணத்துக்கு, 'இ' எழுத்தின் பட அட்டையில் நாய்ப் படம் அட்டை முழுக்க இருக்கிறது. 'இ' எழுத்து மூலையில் ஒரு சின்ன வட்டத்துக்குள் ஒடுங்கிக் கிடக்கிறது. 'இனு' (நாய்) என்று காதில் விழுந்ததும் பிள்ளை நாயைத் தட்டுகிறது. எழுத்தைப் பார்க்க வேண்டிய தேவையே அதற்கு வரவில்லை. ஆறு மாதம் மின்னல் வேகத்தில் ஆடுகிற பிள்ளையிடம், படத்தைக் கட்டைவிரலால் மறைத்துவிட்டு எழுத்தை மட்டும் கேட்டுப் பாருங்கள். பாதிக்குமேல் தெரியாது. ஹிரகானா கற்றுத் தரும் அட்டை என்று பெட்டியில் அச்சடித்துவிட்டு இப்படிச் செய்திருப்பது எனக்கு இன்றும் கோபம்தான்.

இதற்கு வழி இருக்கிறது. ஒவ்வொரு பட அட்டையின் பின்புறமும் வெள்ளை லேபிள் ஒட்டி, 3 செ.மீ. உயரத்தில் எழுத்தை மட்டும் எழுதுங்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாகத் திருப்பிப் போட்டால் வேகம் விழுந்து பிள்ளைகள் எழுந்து போய்விடுவார்கள். 10 அட்டை பரப்பினால் 3 மட்டும் எழுத்துப் பக்கம். அடுத்த வாரம் 5. எழுத்தைப் பேனாவில் எழுதும்போது ஒன்றைக் கவனியுங்கள். 'கி' (き), 'ச' (さ) இரண்டிலும் அடி வளைவு பல அச்செழுத்துகளில் மேலே ஒட்டியிருக்கும், கையால் எழுதும்போது பிரிந்திருக்கும். பிள்ளை எழுதப்போவது பிரிந்த வடிவத்தைத்தான். 'நு'வையும் (ぬ) 'மெ'யையும் (め) ஒரே ஆட்டத்தில் சேர்க்காதீர்கள். கடைசிச் சுழி ஒன்றுதான் வித்தியாசம். 'ரு'வும் (る) 'ரொ'வும் (ろ) அப்படியே.

இன்னொரு இடறல் நம் பிள்ளைகளுக்கே உரியது. அ, இ, உ, எ, ஒ என்று தொடங்கி க, ச, த, ந என நகரும் ஜப்பானிய வரிசை நம் உயிர்மெய் அட்டவணைக்கு நெருக்கம் என்பதால் வாயால் சொல்ல இரண்டே நாளில் வந்துவிடும். ஆனால் நம் 'க', 'கி', 'கு' மூன்றிலும் ஒரே உடல் இருப்பதுபோல அங்கே இருக்காது. பிள்ளைகள் அந்தப் பொதுவான கோட்டைத் தேடிக் குழம்புவார்கள். ஒவ்வொன்றும் தனி உருவம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

இத்தனை குறைக்கும் ஈடாக இந்த அட்டை தருவது காதுப் பயிற்சி. நான் எதிர்பார்க்காத பலன் இது. 'ககி' என்று தமிழில் எழுதினாலே சிக்கல் தெரியும்: பெர்சிமன் பழத்துக்கான ஜப்பானியச் சொல்லும் அதே எழுத்து, சாவிக்கான சொல்லும் அதே எழுத்து. பழத்தில் இரண்டாவது ஒலி 'கிளி'யில் வருவது, சாவியில் 'பகிர்' என்பதில் வருவது. நம் வாய் சொல்லின் நடுவில் வரும் வல்லினத்தைத் தானாகவே மென்மையாக்கிவிடும். திருத்தினால் 'கக்கி' என்று இரட்டித்துவிடுவார்கள். அதுவும் தப்பு, ஏனென்றால் 'கித' (வந்தான்), 'கித்த' (வெட்டினான்) என்று இரட்டிப்பால் பொருளே மாறும் மொழி அது. ஒவ்வொரு அசைக்கும் ஒரு கைத்தட்டு: க, கி. இரண்டாவதைப் புதுச் சொல் தொடங்குவதுபோலச் சொல்லவைத்து, பிறகு இடைவெளியை மெல்லக் குறைத்தால் வந்துவிடும். இரண்டாவது சுற்றில் வாசிக்கும் வேலையைப் பிள்ளைக்கே கொடுங்கள், இந்தப் பிழை அப்போதுதான் வெளியே வரும். குறில் நெடில் கவலை வேண்டாம். 'ஒபசன்' அத்தை, 'ஒபாசன்' பாட்டி என்ற வேறுபாட்டை நம் பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள்.

வாசிப்பவர் கவனிக்க: 'ஹ' எழுத்து வாக்கியத்தில் உருபாக வந்தால் 'வ' என்று படிக்க வேண்டும். உங்கள் உச்சரிப்பில் நம்பிக்கை இல்லையென்றால், நன்றாகப் பேசத் தெரிந்தவரிடம் 44 அட்டையையும் தனித்தனி ஒலிப்பதிவாக வாங்கி, போனில் வரிசை கலைத்து ஓடவிடுங்கள். ஒவ்வொன்றின் முடிவிலும் 8 வினாடி மௌனம். தரையில் இல்லாத ஐந்து சொற்களையும் கலந்துவிடுங்கள். போட்டிக் கருத்தாவிலும் 100 அட்டையில் 50தான் தரையில் இருக்கும். குருட்டாம்போக்கில் தட்டுவது இதனால் நிற்கும். தப்பாகத் தொட்டால் ஒரு சுற்று ஓய்வு, வாசிக்கும்வரை கை முழங்காலில்.

10 அட்டையில் தொடங்கி வாரம் 5 சேர்த்தால் ஏழு வாரத்தில் 44ம் முடியும். ஒரு அமர்வு 10 நிமிடம் போதும். பாயில் பரப்புங்கள், டைல்ஸில் அட்டை வழுக்கி சோபாவுக்கு அடியில் போய்விடும். லேமினேட் செய்தால் இன்னும் வழுக்கும்.

இவ்வளவு நன்மை இருந்தும், இந்த அட்டைக் கட்டை, விலை குறைந்தது என்பதற்காக வாங்காதீர்கள். மூலை எழுத்தை ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். 2 செ.மீ.க்குக் குறைவாக இருந்தால், கெட்டி அட்டை வாங்கி வீட்டிலேயே வெட்டிக்கொள்ளுங்கள், படத்தைப் பிள்ளைகளே வரையட்டும்.