யூட்யூபில் டங்டூட்: சென்னையிலிருந்து பார்ப்பவர்களுக்கு

டங்டூட் என்பது இந்தோனேசியாவின் ஜனரஞ்சக ஆட்டப்பாட்டு இசை. அதைக் கேட்கத் தனியாகச் சந்தா எதுவும் கட்ட வேண்டாம், யூட்யூபே போதும். பாட்டுக்கு ஐந்துக்கு நாலரை மார்க். தமிழ் சப்டைட்டிலுக்கு ஒன்று கொடுப்பதே தாராளம்.

வெறும் 'டங்டூட்' (dangdut) என்று தேடினால் எழுபதுகளின் நட்சத்திரம் ரோமா இராமா காலத்துப் பாட்டுகள்தான் நிறைய வரும். கூடவே வேகத் தாளம் போடும் பாணியான 'கோப்லோ'வையும் (koplo) ஆங்கில எழுத்தில் அடியுங்கள். நியூ பல்லப்பா, மொனாட்டா, அடெல்லா என்று கிழக்கு ஜாவா மேடைக் குழுக்கள் வரிசைகட்டும். நம்ம ஊர்த் திருவிழா லைட் மியூசிக் மாதிரிதான்: ஒரே பாட்டை ஏழெட்டுப் பாடகிகள் பாடியிருப்பார்கள். யார் பாடினாலும் கச்சேரியைத் தூக்குவது கெண்டாங் மத்தளம். அந்த அடி ஃபோன் ஸ்பீக்கரில் காணாமல் போய்விடும், கீபோர்டு மட்டும் கத்தும். இயர்ஃபோன் கட்டாயம்.

முன்பெல்லாம் மேடைப் பாட்டை வீட்டுக்குக் கொண்டுவரும் இந்த வேலையைத் திருட்டு விசிடி செய்தது. 2003-ல் தன் இடுப்பாட்டத்தால் நாட்டையே இரண்டாக்கிய பாடகி இனுல் தாராதிஸ்தா, டிவிக்கு வருமுன்பே விசிடியில் ஊர் ஊராகப் பரவியிருந்தார். 2011-ல் கொரோண்டாலோ போலீஸ்காரர் நோர்மன் கமாரு, நம்ம ரஹ்மானின் 'சைய்ய சைய்யா'வுக்கு வாயசைத்த யூட்யூப் வீடியோவைப் பார்த்துத்தான் டிவிக்காரர்கள் அவரைத் தேடிப் போனார்கள். 2019-ல் ஐம்பதைத் தாண்டிய ஜாவா பாடகர் டிடி கெம்போட்டின் காதல் தோல்விப் பாட்டுகளை இளவட்டங்கள் இணையத்தில் தூக்கிக் கொண்டாடினார்கள். அடுத்த மே மாதமே மனுஷன் போய்விட்டார்.

சப்டைட்டில் சொதப்புவதும் இவர் பாட்டில்தான். பாடுவது ஜாவா மொழி. யூட்யூபின் தானியங்கி வசனம் அதை இந்தோனேசிய மொழியாக எடுத்துக்கொண்டால், அதிலிருந்து வரும் தமிழ் வெறும் உளறல். பாட்டின் பெயரோடு 'லிரிக்' என்று தேடி வரிகளை நகலெடுங்கள். கூகுள் டிரான்ஸ்லேட்டில் மூல மொழியை 'ஜாவனீஸ்' என்று நீங்களே தேர்ந்தெடுங்கள். கவிதை கிடைக்காது, விஷயம் புரியும்.

நேரலை என்றால் ஜாவா நமக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால்: அங்கே இரவு 8 மணி, இங்கே மாலை 6.30. 1080-ல் இரண்டு மணி நேரம் ஓடவிட்டால் தினம் 1.5 ஜிபி பிளான் காலி. 480 போதும், மேடை லைட்டில் பெரிய வித்தியாசம் தெரியாது.

கதைத் தொடருக்கு யூட்யூப் சரிப்படாது. நெட்ஃப்ளிக்ஸில் 2023-ல் வந்த 'சிகரெட் கேர்ள்' இருக்கிறது. ஐந்தே எபிசோடு, ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குள் முடித்துவிடலாம்.