பள்ளிப் பழ நாளுக்கு ஹாப்காம்ஸில் வாங்கினோம், முழுக் கதையும் இதோ

என் மகள் பெங்களூரில் அல்சூர் பக்கம் ஒரு சின்னப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். ஜூனில் பள்ளி திறந்து இரண்டு மூன்று வாரத்தில் பழ நாள் என்று ஒன்று வைப்பார்கள். இந்த வருஷம் மூன்றாம் வகுப்பின் இரண்டு பிரிவுக்கும் சேர்த்து 62 பிள்ளைகளுக்குப் பழம் வாங்கும் பொறுப்பு எனக்கும் இன்னும் இரண்டு அம்மாக்களுக்கும் வந்தது. எல்லாவற்றையும் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கும் ஹாப்காம்ஸ் கடையிலேயே வாங்கினோம். மற்ற பள்ளிகளில் யாராவது இப்படிச் செய்ய நினைத்தால் உதவுமே என்றுதான் இவ்வளவு விலாவாரியாக எழுதுகிறேன்.

முதலில் போன வருஷக் கதை. ஒரு கேட்டரிங்காரரிடம் மொத்தமாகச் சொல்லியிருந்தோம். பிளாஸ்டிக் கப்பில் வெட்டிப் போட்ட ஆப்பிள், கிவி, பச்சைத் திராட்சை வந்தது, மேலே ஒரு பல்குத்தும் குச்சி. ஆப்பிள் பள்ளிக்கு வந்து சேரும்போதே பழுப்பேறியிருந்தது. "உள்ளூர்ப் பழங்களைக் கொண்டாடுவோம்" என்று வகுப்பு மிஸ் பலகையில் அழகாக எழுதி, சுற்றிலும் பூ வரைந்து வைத்திருந்தார். கப்பில் இருந்ததில் எதைக் காட்டி, இது நம்ம பக்கத்துத் தோட்டத்தில் விளைந்தது என்று சொல்வது? பாவம், பாடத்தை ஐந்து நிமிஷத்தில் முடித்துக்கொண்டார். பாதிக் கப் குப்பைக் கூடைக்குப் போனது. அதைப் பார்த்துவிட்டு வந்த அன்றைக்கே, அடுத்த வருஷம் இப்படி நடக்க விடக்கூடாது என்று முடிவு பண்ணிவிட்டேன்.

ஹாப்காம்ஸ் பற்றி பெங்களூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஊருக்குப் புதிதாக வந்தவர்களுக்காக இரண்டு வரி: தெருமுனைகளில், பூங்கா ஓரங்களில் பச்சை வண்ணத்தில் பெட்டிக்கடை மாதிரி நிற்கிறதே, அதுதான். விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கம். 1959-ல் இந்த ஊரைச் சுற்றியிருந்த திராட்சை விவசாயிகளுக்காகத் தொடங்கியது, முன்னின்று நடத்தியவர் தோட்டக்கலைத் துறையின் மரிகௌடா. திராட்சைக்காக ஆரம்பித்த சங்கம் இன்றைக்கு எல்லாப் பழமும் காய்கறியும் விற்கிறது. அன்றைய விலையைப் பலகையில் எழுதி வைத்துவிடுவார்கள், பேரம் பேச வேண்டிய வேலையில்லை. மூன்று பேர் பணம் வசூலித்து மற்ற பெற்றோருக்குக் கணக்குக் காட்ட வேண்டிய எங்களுக்கு அதுவே பெரிய நிம்மதி.

பழ நாளுக்கு ஐந்து நாள் முன்னால் போய்க் கேட்டேன். கடையில் இருந்த அண்ணன் கன்னடக்காரர், நம்மிடம் நல்ல தமிழில் பேசுவார். "ஸ்கூலுக்கா அம்மா? என்னிக்கு சாப்பிடப் போறாங்க?" என்றுதான் முதலில் கேட்டார். எத்தனை கிலோ என்றுகூடக் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை என்றதும், மாம்பழத்தை இன்றைக்கே எடுத்துப் போய்ப் பழுக்க வையுங்கள், நாவல் பழத்தை அன்று காலையில் வாங்குங்கள், பலாவை இரண்டு நாள் முன்னால் நான் பார்த்து எடுத்து வைக்கிறேன் என்று வரிசையாகச் சொன்னார். எது எந்த ஊர்ச் சரக்கு என்று ஒரு தாளில் எழுதித் தர முடியுமா என்று கேட்டேன். அவருக்கு அதில் ஏக சந்தோஷம். பில்லுக்குப் பின்பக்கம் கன்னடத்தில் எழுதிக் கொடுத்தார். மாம்பழம் சீனிவாசபுரம், பலா தொட்டபள்ளாபுரம் பக்கம், திராட்சை தேவனஹள்ளி. அந்தப் பில்லை மிஸ் வகுப்புச் சுவரில் கர்நாடக வரைபடத்துக்குப் பக்கத்தில் ஒட்டி, ஒவ்வொரு ஊருக்கும் குண்டூசி குத்தி, நூல் இழுத்து பெங்களூரில் முடிச்சுப் போட்டார். போன வருஷம் ஐந்து நிமிஷத்தில் முடிந்த பாடம் இந்த முறை இரண்டு பீரியட் ஓடியது.

வாங்கியது என்னென்ன என்றால், ரஸபுரி மாம்பழம் 12 கிலோ, பாதாமி 5 கிலோ, தோதாபுரி 3 கிலோ, 14 கிலோவில் ஒரே ஒரு பலா, நாவல் 4 கிலோ, பெங்களூர் நீலத் திராட்சை 4 கிலோ, ஏலக்கி வாழை 6 கிலோ. மொத்தம் 3,820 ரூபாய், பிள்ளைக்கு 61 ரூபாய் சொச்சம். போன வருஷக் கப்புக்கு இதைவிட அதிகம் கொடுத்திருந்தோம்.

மாம்பழத்தில் ஒன்று சொல்ல வேண்டும். பாதாமி என்று இங்கே கேட்டால் கிடைப்பது அல்போன்சாதான். ஆனால் பிள்ளைகளின் ஓட்டு ரஸபுரிக்குத்தான் விழுந்தது. நார் கொஞ்சம் உண்டு, தோலும் பார்க்க ரொம்ப அழகில்லை, ஆனால் சாறு முழங்கை வரை வழியும். வெட்டிக் கொடுக்கவே கூடாது, கையால் கசக்கிக் காம்புப் பக்கம் ஒரு ஓட்டை போட்டு உறிஞ்ச வேண்டும். வகுப்பில் பாதிப் பேருக்கு இது தெரிந்திருக்கவில்லை, தெரிந்த பிள்ளைகள் தெரியாதவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். அப்புறம் தோதாபுரி. கிளி மூக்கு மாதிரி முனை வளைந்திருக்குமே, அது. கன்னடத்தில் கிணிமூதி என்பார்கள், அதுவும் கிளிமூக்குதான். எல்லையைத் தாண்டிக் கிருஷ்ணகிரிப் பக்கம் போனால் இதே மாங்காய்க்குப் பெயர் பெங்களூரா. பெங்களூரில் தோதாபுரி, கிருஷ்ணகிரியில் பெங்களூரா என்று சொன்னதும் ஒரு பையன் எழுந்து, "எங்க தாத்தா தோட்டத்துல இருக்கு மிஸ், இதுதானா அது!" என்று கத்தினான். ஓசூர் தாண்டி அவர்கள் ஊர். அந்தப் பிள்ளை முகத்தைப் பார்க்க வேண்டுமே. அன்றைக்கு முழுக்க அவன்தான் வகுப்புக்கு மாங்காய் நிபுணன்.

கார்பைடு பயம் நிறைய அம்மாக்களுக்கு உண்டு, எனக்கும் உண்டு. கால்சியம் கார்பைடு வைத்துப் பழுக்க வைப்பதற்குத் தடை இருக்கிறது, எத்திலீன் வாயுவை மட்டும் அளவோடு அனுமதிக்கிறார்கள். நாங்கள் அந்த வம்பே வேண்டாம் என்று செங்காயாக வாங்கி, வைக்கோல் கிடைக்காததால் செய்தித்தாள் சுற்றி அட்டைப் பெட்டியில் அடுக்கி வைத்தோம். நாலாம் நாள் வாசம் கூடத்துக்கு வந்துவிட்டது. பள்ளிக்குக் கொண்டு போகும் முன் காம்பைக் கிள்ளி ஒரு மணி நேரம் தண்ணீரில் போட்டு எடுங்கள். காம்புப் பால் பட்டால் சில பிள்ளைகளுக்கு வாயோரம் அரித்துப் புண்ணாகும். எந்தப் பிள்ளைக்கு எது ஒத்துக்கொள்ளாது என்று வீடுகளில் முன்பே எழுதி வாங்கியும் வைத்திருந்தோம்.

இனிமேல் பலா. இதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

முழுப் பலாவா, யார் வெட்டுவது, சுளையாகவே வாங்கிவிடலாமே என்று எங்கள் குழுவிலேயே பேச்சு வந்தது. நான் ஒத்துக்கொள்ளவில்லை. சுளையை டப்பாவில் பார்க்கிற பிள்ளைக்கு அது எதற்குள்ளிருந்து வந்தது என்று எப்படித் தெரியும்? மர்பி டவுனில் இருந்து வருகிற ஒரு மாணவியின் பாட்டிக்குச் சொந்த ஊர் பண்ருட்டி. கேட்டதும் பாட்டி சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு அரிவாள்மணையோடு வந்துவிட்டார். பழைய சாக்கை விரித்து, கையிலும் கத்தியிலும் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டார். பால் ஒட்டாமல் இருக்க. பிள்ளைகள் சுற்றி வட்டமாக உட்கார்ந்தார்கள். முதலில் விரலால் தட்டிக் காட்டினார், காயாக இருந்தால் டங்கென்று கேட்கும், பழமாக இருந்தால் பொதக்கென்று கேட்கும் என்று ஒவ்வொருவரையும் தட்டிப் பார்க்கச் சொன்னார். பிறகு குறுக்கே ஒரே வெட்டு. மஞ்சளாக உள்ளே தெரிந்ததும் வாசம் வராந்தா முழுக்கப் பரவி, ஐந்தாம் வகுப்பிலிருந்து எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். கசிந்த பாலைப் பாட்டி ஒரு குச்சியில் சுற்றிச் சுற்றி எடுத்தார், பஞ்சுமிட்டாய் சுற்றுகிற மாதிரி. நடுத்தண்டை வெட்டி எடுத்தபின் இரண்டு பாதியையும் கையால் பிதுக்கி விரித்ததும் சுளைகள் தானாக எழுந்து நின்றன.

அறிவியல் மிஸ் அந்த இடத்தில்தான் பேசினார். பலா என்பது ஒரு பூ பழுத்து வந்த பழம் இல்லை. நூற்றுக்கணக்கான சின்னப் பூக்கள் ஒரே தண்டில் நெருக்கியடித்துப் பூத்து, எல்லாம் சேர்ந்து ஒரே பழமாகின்றன. ஒவ்வொரு சுளையும் ஒரு பூ. சுளைக்கு நடுவே நார் நாராக இருக்கிற சக்கை, கருவுறாமல் போன பூக்கள். எனக்கே இது அன்றைக்குத்தான் தெரியும். நாற்பது வருஷமாகப் பலா தின்கிறேன், சக்கையை எத்தனை முறை பிய்த்து எறிந்திருப்பேன்!

எத்தனை சுளை இருக்கும் என்று முன்பே எல்லோரையும் தாளில் எழுத வைத்திருந்தார் மிஸ். 30 என்று ஒருத்தி, ஆயிரம் என்று ஒருவன். எண்ணினால் 118. பத்துப் பத்தாகத் தட்டில் அடுக்கித்தான் எண்ணினார்கள், மூன்றாம் வகுப்புக் கணக்குக்கு இதைவிட நல்ல கணக்கு வேறு என்ன? கொட்டை நீக்கிய சுளையை எடை போட்டால் நாலரைக் கிலோ வந்தது. 14 கிலோவில் மீதியெல்லாம் எங்கே போச்சு என்று ஒரு குழந்தை கேட்க, தோல், சக்கை, தண்டு, கொட்டை என்று தனித்தனியாக எடை போட ஆரம்பித்துவிட்டார்கள். தோலும் சக்கையும் பக்கத்து மாட்டுத் தொழுவத்துக்குப் போனது, ஒரு துணுக்குக்கூடக் குப்பைக்குப் போகவில்லை. கொட்டைகளைப் பாட்டி கழுவி ஆளுக்கொன்று கொடுத்து, காய விடாமல் இன்றைக்கே மண்ணில் புதையுங்கள், காய்ந்தால் முளைக்காது என்றார். மீதியை அவரே சாம்பாருக்கு எடுத்துக்கொண்டார். பண்ருட்டிப் பழத்தோடு ஒப்பிட்டால் எப்படி என்று நான் கேட்டேன். ஒரு சுளையை மென்று பார்த்துவிட்டு, "இதுவும் நல்ல மண்ணுதான்" என்றார். பண்ருட்டிக்காரர் வாயில் இதைவிடப் பெரிய பாராட்டு வராது.

பெயர்ப் பலகையும் நன்றாக அமைந்தது. வகுப்பில் தமிழ், கன்னடம், தெலுங்கு, மலையாளம், உருது எல்லா வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. பலா, ஹலசு, பனச, சக்க, கட்ஹல் என்று ஒரே பழத்துக்கு ஐந்து பெயரும் பலகையில் ஏறின. நமக்குச் சக்கை என்றால் தூக்கிப் போடுவது, மலையாளத்தில் பழத்துக்கே சக்க என்று பெயர். பிள்ளைகள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

நாவல் பழமும் நீலத் திராட்சையும் கடைசியில். பெங்களூர் நீலத் திராட்சை புவிசார் குறியீடு வாங்கிய பழம், ஆனால் விதை இருக்கிறது, தோல் தடிப்பு என்று பிள்ளைகள் முதலில் ஒதுக்கினார்கள். விரலால் ஒரு அழுத்து அழுத்தினால் தோல் தனியாகக் கையில் நிற்க, சதை வாய்க்குள் குதிக்கும் என்று காட்டியதும் விளையாட்டாகி, நாலு கிலோவும் பத்து நிமிஷத்தில் காலி. அந்தத் தோலைத் தண்ணீரில் கசக்கி இரண்டு டம்ளரில் ஊற்றினோம். ஒன்றில் எலுமிச்சைச் சாறு விட்டதும் பளிச்சென்று சிவந்தது, இன்னொன்றில் சமையல் சோடா போட்டதும் நீலமும் பச்சையுமாக மாறியது. நாவல் தோலிலும் இதே வித்தை நடக்கும். நாவல் தின்ற நாக்குகளை வரிசையாக நீட்டிப் படம் எடுத்துக்கொண்டார்கள், வெள்ளைச் சட்டை போட்டு அனுப்ப வேண்டாம் என்று முந்தின நாளே சொல்லிவிட்டது நல்லதாய்ப் போயிற்று. ஏலக்கி வாழை பற்றித் தனியாக என்ன சொல்ல, இரண்டே வாயில் முடிந்துவிடும், அடம்பிடிக்கிற பிள்ளையும் தின்றுவிடும்.

செய்ய நினைப்பவர்களுக்கு: எந்தப் பழம் வேண்டும் என்று நீங்கள் பட்டியல் போட்டுக்கொண்டு போகாதீர்கள், அந்த வாரம் என்ன வருகிறது என்று கடையில் கேட்டு அதற்கேற்ற மாதிரி வகுப்பை அமைத்துக்கொள்ளுங்கள். குறைந்தது ஐந்து நாள் முன்னால் சொல்லுங்கள். பையும் ஆளும் நீங்களே கொண்டு போக வேண்டும், நாங்கள் இரண்டு ஆட்டோவில் ஏற்றினோம். எந்த ஊர்ப் பழம் என்று கேட்டு எழுதி வாங்க மறக்காதீர்கள், பாடமே அதில்தான் இருக்கிறது. ஐந்துக்கு ஐந்து கொடுக்கிறேன், தயங்காமல்.

மகள் புதைத்த கொட்டை மூன்றாவது வாரம் முளை விட்டது, மொட்டைமாடித் தொட்டியில் இப்போது இரண்டு இலையோடு நிற்கிறது. ஹாப்காம்ஸ் கடை அண்ணனிடம் படம் காட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டு, தொட்டி பத்தாது அம்மா, ஊரில் இடம் இருந்தால் நட்டுவிடுங்கள் என்றார். தேவனஹள்ளி பம்பளிமாஸ் வரும்போது எனக்குச் சொல்ல வேண்டும் என்று சொல்லி வைத்துவிட்டு வந்திருக்கிறேன். மிஸ் அடுத்து அதைத்தான் கேட்கிறார்.