மேலெழுதப்பட்ட பக்கங்களைக் காப்பது: ஆர்க்கைவ்-இட் சேவையும் அது எட்டாத இடத்தில் கைகொடுக்கும் ஒரு கருவியும்

பல்கலைக்கழக ஆவணக் காப்பகம் ஒன்றில் பணியாற்றும் நான், எங்கள் பல்கலைக்கழகத்தின் கோவிட் காலப் பக்கங்களைச் சேகரிக்க 2020 மார்ச் முதல், வலைப்பக்கங்களின் பிரதிகளை எடுத்துச் சேமித்து வைக்கும் ஆர்க்கைவ்-இட் சேவையைப் பயன்படுத்தி வருகிறேன். இந்த மதிப்புரை அந்தச் சேவையைப் பற்றியதுதான் என்றாலும், அது எட்டாத இடங்களில் எங்களுக்குக் கைகொடுத்த ஆர்க்கைவ்வெப்.பேஜ் என்னும் இலவச உலாவி நீட்சியையும் சேர்த்தே எழுத வேண்டியிருக்கிறது.

முன்பெல்லாம் துணைவேந்தரின் சுற்றறிக்கை தாளில் அச்சாகி, கையொப்பமாகி, கோப்பில் ஏறி, சில ஆண்டுகள் கழித்து எங்கள் அலமாரிக்குத் தானாகவே வந்து சேரும். பெருந்தொற்றின்போது அந்த வழி அடைபட்டது. விடுதியைக் காலி செய்ய வேண்டிய நாள், இணையவழித் தேர்வின் விதிகள், மதிப்பெண்ணுக்குப் பதிலாகத் தேர்ச்சி என்று மட்டும் பதிந்துகொள்ளும் சலுகை, முகக்கவசக் கட்டாயம் ஆகிய அனைத்தும் ஒரே வலைமுகவரியில் எழுதப்பட்டன. அடுத்த அறிவிப்பு வந்ததும் அதே இடத்தில் மேலெழுதப்பட்டன. தொற்று தணிந்த பிறகு அந்தப் பக்கமே எடுக்கப்பட்டு, முகவரியைத் தட்டினால் மாணவர் நலப் பிரிவின் பொதுவான பக்கத்துக்குப் போகும்படி மாற்றிவிட்டார்கள். இதில் யாருடைய கெட்ட எண்ணமும் இல்லை. வலைத்தளத்தைப் பராமரிப்பவருக்குக் காலாவதியான அறிவிப்பு குப்பை. காப்பகத்தாருக்கோ அதுதான் ஆவணம்.

ஆர்க்கைவ்-இட் என்பது, இணையத்தைக் காப்பகப்படுத்தும் லாபநோக்கற்ற அமைப்பான இன்டர்நெட் ஆர்க்கைவ் 2006 முதல் நிறுவனங்களுக்கு அளித்துவரும் சந்தா சேவை. ஓராண்டில் எவ்வளவு தரவைச் சேமிக்கலாம் என்ற வரம்பை வைத்து ஒப்பந்தம் செய்துகொள்கிறோம். சேகரிக்க வேண்டிய முகவரிகளை 'சீட்' என்று பதிந்து, ஒவ்வொன்றையும் எத்தனை நாளுக்கு ஒருமுறை பிடிக்க வேண்டும் என்று குறித்துவிட்டால், ஹெரிட்ரிக்ஸ் என்னும் கிராலர், அதாவது தானாக வலையில் உலவும் மென்பொருள், இணைப்பு இணைப்பாகச் சென்று பக்கங்களை அள்ளி, வலைப்பக்கங்களைச் சேமிப்பதற்கான ஐஎஸ்ஓ 28500 தரத்தின்படியான வார்க் கோப்புகளில் சேர்க்கிறது. சர்வதேச இணையப் பாதுகாப்புக் கூட்டமைப்பான ஐஐபிசி 2020 பிப்ரவரியில் தொடங்கிய கொரோனா வைரஸ் தொகுப்பும் இதே மேடையில்தான் உருவானது என்பதால், தேர்வில் எங்களுக்குப் பெரிய தயக்கம் இருக்கவில்லை.

தயங்கியிருக்க வேண்டிய இடம் அமைப்புப் பக்கம். சீட் முகவரியின் கடைசியில் ஒரு சாய்கோடு இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்து, கிராலர் தளத்தின் அந்த ஒரு அடைவுக்குள் (ஃபோல்டருக்குள்) மட்டும் நிற்குமா, தளம் முழுவதும் அலையுமா என்பது மாறும். நான் அந்தக் கோட்டைப் போட மறந்த வாரத்தில், கோவிட் பக்கங்களோடு நிகழ்ச்சி நாட்காட்டியின் முடிவில்லாத 'அடுத்த மாதம்' பக்கங்களும் உள்ளே வந்து, ஆண்டு வரம்பில் நல்ல பங்கை விழுங்கிவிட்டன. பிழை முழுக்க என்னுடையது. வரம்பில் கணக்காகாத சோதனை ஓட்டம் என்ற வசதி இதற்காகவே இருக்கிறது. அவசரத்தில் அதைத் தாண்டிப் போனேன். அதே போல, துணைக்களங்கள் (முதன்மை முகவரிக்கு முன்னால் வேறு பெயர் சேர்ந்து வரும் தளங்கள்) தாமாகச் சேராது. எங்கள் நூலகத்தின் நேரடித் தொடர்பின்றிப் புத்தகம் வழங்கும் ஏற்பாட்டின் அறிவிப்புகள் துணைக்களத்தில் இருந்ததால், தனிச் சீட்டாகச் சேர்த்த பிறகே கிடைத்தன.

சரியாக அமைத்துவிட்டால், எழுத்துப் பக்கங்களில் இதற்கு நிறைவான மதிப்பெண் கொடுப்பேன். அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள் பக்கத்தைத் தினமும் பிடிக்கச் சொல்லியிருந்தோம். 'வகுப்பறையில் முகக்கவசம் அணிய வேண்டுமா?' என்ற கேள்வி வரிக்கு வரி மாறாமல் இருக்க, அதன் கீழே இருந்த பதில் 'தேவையில்லை' என்பதிலிருந்து 'விரும்பினால்' என்றாகி, பிறகு 'கட்டாயம்' என்று ஆன படிகளை அடுத்தடுத்து வைத்துப் பார்க்க முடிகிறது. ஒவ்வொரு பிடிப்பின் முகவரியிலும் ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம், நொடி என 14 இலக்கங்கள் இருக்கும். அவை ஒருங்கிணைந்த உலக நேரத்தில் குறிக்கப்படுவதால், இரவில் வெளியான கடிதம் முகவரியில் மறுநாள் தேதியையோ முந்தைய நாள் தேதியையோ காட்டக்கூடும். எந்த நாளில் எந்த விதி அமலில் இருந்தது என்று தேடி வருபவரிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

இதைவிட வழுக்கலான ஒன்றும் உண்டு. பழைய பக்கத்தைத் திறக்கும்போது, அதன் எழுத்து ஒரு நேரத்தில் பிடிக்கப்பட்டதாகவும் அதிலுள்ள படம் வேறொரு நேரத்தில் பிடிக்கப்பட்டதாகவும் இருக்கலாம். சேமித்த பக்கத்தைத் திரும்பக் காட்டும் மறுகாட்சி மென்பொருள் ஒவ்வொரு துண்டுக்கும் நெருங்கிய பிரதியைத் தேடி ஒட்டுகிறது. வாராந்தரத் தொற்று வரைபடத்தை ஒரே கோப்புப் பெயரில் மாற்றி மாற்றி ஏற்றிய துறைகளின் பக்கங்களில், தலைப்பு ஒரு வாரத்தையும் வரைபடம் அடுத்த வாரத்தையும் சொல்லும் ஒட்டுப்பக்கம் இப்படித்தான் உருவாகிறது. பார்ப்பதற்கு அது முழுமையான பக்கமாகவே தோன்றும்.

தொற்று எண்ணிக்கைகளைத் திரட்டிக் காட்டும் டாஷ்போர்டுகள் தனி வகை. வளாகத்தில் எல்லோரும் காலையில் எழுந்ததும் பார்த்தது அந்த எண்களைத்தான். அவை பக்கத்தில் எழுதப்பட்டிருப்பதில்லை; உலாவி திறந்தபின் ஜாவாஸ்கிரிப்ட் வேறொரு சேவையகத்திடம் கேட்டு வாங்கி வரைகிறது. இணைப்புகளை மட்டும் பின்தொடரும் கிராலருக்குக் கிடைப்பது சட்டகமும் நடுவே ஒரு வெற்றுப் பெட்டியும். உண்மையான உலாவியில் பக்கத்தைத் திறந்து பிடிக்கும் பிராஸ்லர் என்ற மாற்றுக் கிராலரும் இதே சேவையில் இருக்கிறது. அது நிலைமையைச் சற்று மேம்படுத்தும். என்றாலும், 'விடுதி வாரியாக' என்ற கீழ்விரி பட்டியலைத் திறந்து ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுக்க அதற்குத் தெரியாது.

அங்கேதான் வெப்ரெக்கார்டர் குழுவின் ஆர்க்கைவ்வெப்.பேஜ் நுழைகிறது. குரோம் உலாவியில் நீட்சியாகப் பொருத்தி, பதிவைத் தொடங்கி, நாம் சொடுக்குவதையெல்லாம் அது வாங்கிக்கொள்ள விடுகிறோம். கிடைக்கும் வாக்ஸ் கோப்பு, வார்க் தரவையும் அதற்கான அட்டவணையையும் ஒன்றாகக் கட்டிய ஜிப் பொதி; அதை ரீப்ளேவெப்.பேஜ் தளத்தில் திறந்தால் தனிச் சேவையகம் இல்லாமலே உலாவிக்குள் ஓடும். ஆனால் இது கைவேலை. ஒரு டாஷ்போர்டின் எல்லா வடிகட்டிகளையும் சொடுக்கி முடிக்க எனக்கு அரை மணி நேரம் ஆகும். சொடுக்காத எதுவும் பதிவில் இருக்காது. கணக்கில் உள்நுழைந்த நிலையில் பதிவு செய்தால் தனிப்பட்ட விவரங்களும் கோப்புக்குள் போகக்கூடும் என்பதால், இதற்கென்றே ஒரு தனி உலாவிச் சுயவிவரம் வைத்திருக்கிறேன்.

சந்தா எடுப்பவர்கள் தம் வார்க் கோப்புகளைப் பதிவிறக்கி உள்ளூரிலும் ஒரு பிரதி வைத்துக்கொள்வது நல்லது. 2024 அக்டோபரில் இன்டர்நெட் ஆர்க்கைவ் மீது நடந்த சைபர் தாக்குதலால் அதன் பொது வலைக் காப்பகமான வேபேக் மெஷின் சில நாள்கள் முடங்கி, பின் படிக்க மட்டும் இயலும் நிலையில் திரும்பியதை இத்துறையில் இருப்பவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

அகலத்துக்கு ஆர்க்கைவ்-இட், ஆழத்துக்கு உலாவிப் பதிவு என்று இரண்டையும் வைத்துக்கொண்டிருக்கிறோம். ஒன்றை மட்டும்தான் வைத்திருக்க முடியும் என்றால் சந்தாவைத்தான் வைத்திருப்பேன். தினம் தவறாமல் ஓடுவது இயந்திரத்தால்தான் ஆகும். வெற்றுப் பெட்டியோடு பிடிபட்ட டாஷ்போர்டுப் பக்கங்களை நாங்கள் நீக்கவில்லை. அந்தச் சீட்டின் விவரக்குறிப்பில், எண்கள் பிடிபடவில்லை என்பதையும், எந்தெந்த நாள்களுக்குக் கைப்பதிவு இருக்கிறது என்பதையும் எழுதி வைத்திருக்கிறோம். 2020 செப்டம்பருக்கு முன் அப்படி ஒரு கைப்பதிவும் இல்லை.