‘எனக்கு ஏலாது’: மூன்று வருட உளவளத்துணை அனுபவம்

என் சீ.ஆர். கொப்பியின் முதல் பக்கத்தில் 31 கோடுகள் இருக்கின்றன. ஒரே நாளில் நான் ‘சொறி’ சொன்ன தடவைகள். பஸ்ஸில் என் காலை மிதித்தவரிடம் ஒன்று. காசைக் குறைத்துத் தந்த வாடிக்கையாளரிடம், மிச்சத்தைக் கேட்டதற்காக ஒன்று. கோட்டைப் பக்கம் வீதியை மறித்து நின்ற மானிடம்கூட ஒன்று. திருகோணமலையில் மான் வழி விடாது, நாங்கள்தான் விலகிப் போக வேண்டும், அது சரி. ஆனால் யாரும் அதனிடம் மன்னிப்புக் கேட்பதில்லை.

2022 மார்ச்சில் எண்ணிய கணக்கு அது. அப்போது எனக்கு 39 வயது. நிலாவெளியிலிருந்து தினமும் பஸ் எடுத்து, நகரில் ஒரு ஹார்ட்வெயார் கடைக்குக் காசாளராகப் போய்க்கொண்டிருந்தேன். முதலாளி புதிய கிளையைப் பொறுப்பெடுக்கச் சொன்னார். அவர் வசனத்தை முடிக்கும் முன்பே “எனக்கு ஏலாது” என்றேன். நான் வேலை பழக்கிய பெடியன் அந்த இடத்துக்குப் போனான். அவன் மேல் கோபம் இல்லை. ஆனால் அன்று இரவு நித்திரை வரவில்லை.

உளவளத்துணைக்கு, அதாவது கவுன்சிலிங்குக்கு, முதலில் போன இடத்தின் பெயர் வேண்டாம். பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஆட்கள் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தார்கள், நான் அழுதது முழுக்க அவர்களுக்குக் கேட்டிருக்கும். இருந்தவர் நல்ல மனிதர்தான். “உங்களைவிடக் கஷ்டப்படுற சனத்தைப் பாருங்கோ, வெள்ளிக்கிழமையில பத்திரகாளி அம்மனிட்டப் போங்கோ” என்றார். அம்மனிடம் நான் ஏற்கெனவே போய்க்கொண்டுதான் இருந்தேன். புத்தி சொல்வதற்கு எனக்குச் சொந்தக்காரர்கள் நிறையவே உண்டு. இரண்டு தடவையோடு நின்றுவிட்டேன். இதுதான் கவுன்சிலிங் என்று நினைத்து அதோடு விட்டிருந்தால் பெரிய நட்டம்.

இரண்டாவது ஆள் ஒரு மிஸ். முதல் நாளே நித்திரை, சாப்பாடு, சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்றெல்லாம் நேராகக் கேட்டார். மனச்சோர்வு நோய் இருக்கிறதா என்று பார்க்க ஆஸ்பத்திரி மனநல கிளினிக்குக்கும் ஒரு தடவை அனுப்பினார். யாராவது கண்டு ‘விசர்’ என்று சொல்லிவிடுவார்கள் என்று முக்காடு போடாத குறையாகப் போனேன். அங்கே வரிசையில் எங்கள் ஊர் ஆட்களே மூன்று பேர். மருந்து தேவையில்லை என்று டொக்டர் சொன்னார்.

அப்புறம் பத்து வசனங்கள் உள்ள ஒரு தாள். மொரிஸ் ரோசன்பெர்க் என்ற அமெரிக்க சமூகவியலாளர் 1965இல் வெளியிட்ட சுயமதிப்பு அளவுகோல் அது. 30க்குப் புள்ளி போடுவார்கள், 15க்குக் கீழே என்றால் குறைவு என்பது பொதுவான வழக்கம். எனக்கு 9. சோதனையில் குறைவாக எடுப்பது எனக்கு ஒன்றும் புதிதில்லை என்று சிரித்தேன். மிஸ் சிரிக்கவில்லை. “அந்தச் சோதனையைப் பற்றிச் சொல்லுங்க” என்றார்.

சாதாரண தரத்தில் கணக்குப் பாடம் பெயில். வீட்டில் பெரியம்மா சொன்ன வசனம் “உனக்கு ஒண்டும் ஏலாது”. இருபது வருடமாக என் மண்டைக்குள் அதே குரலில் ஓடிக்கொண்டிருந்தது. மிஸ் ஒரு தாளில் ரொட்டி மாதிரி வட்டம் போட்டு, பெயிலானதற்கு என்னென்ன காரணம் என்று துண்டு துண்டாகப் பிரிக்கச் சொன்னார். ஒரு நிபந்தனை: என்னுடைய பங்கைக் கடைசியாகத்தான் போட வேண்டும். 1990இல் இடம்பெயர்ந்தபோது எனக்கு ஏழு வயது, பள்ளிக்கூடம் விட்டுப்போனது. அதற்கு ஒரு துண்டு. பத்தாம் வகுப்பில் கணக்கு வாத்தியாரே இல்லாத மாதங்களுக்குப் பெரிய துண்டு. சோதனை நேரம் அம்மாவுக்கு வருத்தம், தம்பியைப் பார்த்தது நான், அதற்கு ஒன்று. கடைசியில் எனக்கென்று மிஞ்சியது மெல்லிய கீற்று. அதையும் அவர் அழிக்கவில்லை. “இது உங்கட பங்குதான், வைச்சிருங்க” என்றார். பிறகு கேட்டார்: “கடையில நாள் கணக்கு முடிக்கிறது யார்?” நான்தான். “எத்தனை வருசம்?” பதினொன்று. “காசு எத்தனை தரம் குறைஞ்சிருக்கு?” யோசித்துப் பார்த்தேன். இரண்டு தரம்.

அவர் என்னை ஒருபோதும் புகழ்ந்ததில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் அது எனக்குக் குறையாகத் தெரிந்தது. புகழ்ந்திருந்தால் நம்பியிருக்க மாட்டேன் என்று இப்போது தெரிகிறது.

தன்னைப் பற்றிச் சின்ன வயதில் ஒரு தீர்ப்பு, அந்தத் தீர்ப்போடு காலம் தள்ளச் சில சட்டங்கள், சட்டம் உடையும் என்ற பயம், பயத்தால் ஒதுங்கல், ஒதுங்குவதால் தீர்ப்பு சரியா என்று பார்க்கவே கிடைக்காமல் போவது. சுயமதிப்புக் குறைவு எப்படித் தொடர்கிறது என்று பிரித்தானிய உளவியலாளர் மெலனி ஃபென்னல் 1997இல் விளக்கிய முறை இது என்றார் மிஸ். என் சட்டம்: யாரையும் சிரமப்படுத்தக் கூடாது. அதை உடைத்துப் பார்க்கத்தான் மீன் சந்தை.

மூன்று கடையில் பாரை விலை கேட்க வேண்டும், வாங்காமல் வர வேண்டும். என்ன நடக்கும் என்று முன்கூட்டியே எழுத வேண்டும். ‘ஏசுவார்கள், நூற்றுக்கு 80’ என்று எழுதினேன். முதல் கடைக்காரர் விலை சொன்னார், நான் நகர்ந்தேன், அவர் அடுத்த ஆளைப் பார்த்தார். இரண்டாமவர் “நாளைக்கு வாங்கோ அக்கா” என்றார். மூன்றாமவர் உண்மையிலேயே ஏசினார், “விலை கேட்கத்தானோ வாறீங்க” என்று. முகம் சுட்டது. வீட்டுக்கு வந்து தேத்தண்ணி வைத்தேன், அவ்வளவுதான். ஏசாத இருவரைவிட ஏசிய அந்த மனிதர்தான் எனக்கு அதிகம் உதவினார் என்பது என் கருத்து.

எல்லாம் ஏறுமுகம் இல்லை. ஐந்தாவது, ஆறாவது வாரங்களில் முன்பைவிட மோசமாக இருந்தேன், கிளறியதெல்லாம் மேலே வந்தது. அந்த ஜூன், ஜூலையில் பெற்றோல் இல்லை, பஸ்ஸும் ஒழுங்கில்லை. வீட்டில் தனியறை கிடையாது என்பதால் கடற்கரையில் தாழை மறைவில் இருந்து வாட்ஸ்அப்பில் கதைத்தேன். காற்று இரைச்சலில் பாதி கேட்காது. அந்த இரண்டு மாதம் வீண் என்றே சொல்வேன். அவர் (என் கணவர்) “முந்தி நல்லா இருந்தாய், இப்ப எதிர்த்துக் கதைக்கிறாய்” என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. அதைப் பற்றியே மூன்று தடவை மிஸ்ஸிடம் கதைக்க வேண்டி வந்தது.

முதல் வருடம் பெரும்பாலும் வாரா வாரம் போனேன், பிறகு மாதம் ஒரு முறை, 2024இல் தேவைப்பட்டால் மட்டும். எனக்குக் காசு செலவானது. ஆனால் பிரதேச செயலகங்களில் உளவளத்துணை உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள், அங்கே இலவசம். முதலில் கிடைப்பவர் ஒத்துவராவிட்டால் இன்னொருவரைத் தேடுங்கள். உயிரை விடும் எண்ணம் வந்தால் காத்திருக்க வேண்டாம், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம்.

போன மாதம் அதே தாளை நிரப்பினேன், 19. பெரியம்மாவின் குரல் இன்னும் கேட்கிறது. கேட்டதும் ‘நாள் கணக்கு முடிக்கிறது யார்?’ என்று நானே கேட்டுக்கொள்கிறேன், சில நாள் அது வேலை செய்யாது. கிளைப் பொறுப்பு மறுபடி வரவில்லை, வந்தால் ஒரு நாள் தவணை கேட்பேன். கோடுகள் நேற்று நான்கு.

வரும் மாதம் அம்மாவின் திவசம். பெரியம்மாவும் வருவார். அதற்கு முந்திய சனிக்கிழமைக்கு மிஸ்ஸிடம் நேரம் கேட்டு வைத்திருக்கிறேன்.