ஹெரால்டா, கான்டெசாவா, ஸ்டார்மா: துருப்பிடித்த முதல் வண்டிக்கு எது தோது?

பொள்ளாச்சிப் பக்கம் ஏதோ ஒரு தென்னந்தோப்பில், சாளைக்குப் பின்னால் தார்ப்பாய் போர்த்தி நிற்கும் பழைய வண்டியைப் பார்க்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, "இன்ஜின் ஸ்டார்ட் ஆகுமுங்களா?" கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி அது. சிலிண்டர் போரிங்குக்கும் கிராங்க் கிரைண்டிங்குக்கும் கோயமுத்தூரில் பட்டறை தேடி அலைய வேண்டியதில்லை. தகடுதான் ஆளைத் தின்னும். ஆகவே மூன்று வண்டிகளையும் இங்கே துருவை வைத்தே எடை போடுவோம்: துரு எங்கே உட்கார்கிறது, கண்ணுக்குத் தெரியுமா, கழற்றிச் சரிசெய்ய முடியுமா.

ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, பிரிட்டனின் டிரையம்ஃப் ஹெரால்டின் இந்திய வடிவம், 1961 முதல் சென்னையில் தயாரானது. இத்தாலிய வடிவமைப்பாளர் மிக்கெலோட்டி வரைந்த உருவம். இதே சேஸிஸைக் குறுக்கித்தான் டிரையம்ஃப் தன் ஸ்பிட்ஃபயரைச் செய்தது. ஹிந்துஸ்தான் மோட்டார்ஸின் கான்டெசா 1984இல் வந்தது. அதை ஸ்போர்ட்ஸ் கார் என்றால் சிரிப்பவர்கள் உண்டு. ஆனாலும் அந்த நீள பானெட்டுக்காகவே இளவட்டங்கள் தேடி அலைவது அதைத்தான். சான் ஸ்டார்ம் 1998இல் வந்த இரண்டு சீட் ஃபைபர் வண்டி. மூன்றில் பிறவியிலேயே ஸ்போர்ட்ஸ் கார் இது ஒன்றுதான்.

ஹெரால்டு: போல்ட்டில் நிற்கும் வண்டி

ஹெரால்டுக்கு லாரி மாதிரி சேஸிஸ் தனி, பாடி தனி. பாடியும் ஒரே துண்டில்லை. முன் டப் (தொட்டி போன்ற பாடிப் பகுதி), பின் டப், கூரை எல்லாம் போல்ட் போட்டு இணைத்தவை. பானெட் இரண்டு ஃபெண்டரோடும் சேர்ந்து முன்பக்கமாகக் கவிழும். டயர் மேல் உட்கார்ந்தே இன்ஜின் வேலை பார்க்கலாம். முதன்முதலாகக் கை வைப்பவருக்கு இதைவிட வசதி கிடையாது. எந்தத் துண்டில் துருவோ அதை மட்டும் கழற்றி, பெஞ்சில் போட்டு, நிதானமாக வேலை செய்யலாம்.

துரு முதலில் பிடிப்பது சேஸிஸிலிருந்து பக்கவாட்டில் கை நீட்டுவது போல வரும் அவுட்ரிக்கர்களை. முன்சக்கரம் அடிக்கும் சேறு அங்கேதான் போய் அடையும். பெரிய ஸ்குரூ டிரைவரை வைத்து ஓங்கிக் குத்துங்கள். 'டங்' என்றால் தப்பித்தீர்கள். 'சொத்' என்று இறங்கினால் அந்த அவுட்ரிக்கர் போய்விட்டது. போனாலும் பரவாயில்லை, 2 மி.மீ. தகட்டில் மடித்துப் பற்றவைக்கலாம். நடுவில் ஓடும் இரண்டு முதன்மைச் சட்டங்கள், அதிலும் பின் வீல் பக்கம், துருப்பிடித்திருந்தால் மட்டும் விட்டுவிடுங்கள்.

பாடியைத் தூக்குமுன் கதவைக் கழற்றி, அந்த இடைவெளியில் 25 மி.மீ. சதுரக் குழாயை முன் தூணுக்கும் பின் தூணுக்கும் நடுவே போல்ட் போட்டு மாட்டுங்கள். இதைத் தவறவிட்டால் சேஸிஸை விட்டு எழுந்ததும் டப் மடங்கும். பிறகு எந்த ஜென்மத்திலும் கதவு பொருந்தாது. பாடிக்கும் சேஸிஸுக்கும் நடுவே மெல்லிய ஷிம் தகடுகள் இருக்கும். எந்த போல்ட்டில் எத்தனை என்று எழுதிக் கட்டித் தொங்கவிடுங்கள். கதவு இடைவெளியைத் தீர்மானிப்பது அவைதான்.

இன்ஜினில் ஒரே ஒரு சோதனை. ஒருவர் கிளட்சை மிதிக்கட்டும், நீங்கள் கிராங்க் புல்லியைப் பாருங்கள். முன்னும் பின்னும் கண்ணுக்குத் தெரிய அசைந்தால், அந்த ஆட்டத்தைத் தடுக்கும் திரஸ்ட் வாஷர் தேய்ந்திருக்கிறது. இருக்க வேண்டிய ஆட்டம் 0.1 முதல் 0.2 மி.மீ. மட்டுமே. தேய்ந்த வாஷர் நழுவிச் சம்பில் (அடியிலுள்ள ஆயில் தொட்டியில்) விழுந்துவிட்டால் கிராங்க் பிளாக்கையே அரைக்கும். அதன் பிறகு சல்லிசான இன்ஜின் வேலை என்பது கிடையாது.

முன்சக்கரத்தின் அடியில் திருகு மரையில் சுழலும் ட்ரன்னியன் என்ற வெண்கலத் துண்டு இருக்கிறது. இதில் கிரீஸ் அடிப்பதுதான் நம் பட்டறைகள் வழக்கமாகச் செய்யும் தவறு. அது 90 கிரேடு கியர் ஆயில் போட வேண்டிய இடம். கிரீஸ் இறுகி மரைக்குள் போகாமல் நிற்கும், அடியில் தண்ணீர் தங்கும், மேலே உள்ள இரும்புத் தண்டு துருவேறி ஒருநாள் வளைவில் ஒடியும். ட்ரன்னியன் புதிதாக வேண்டுமென்றால் பிரிட்டனில் இன்றும் செய்து விற்கிறார்கள். லேத்தில் கடையலாம் என்றாலும் இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் மரை எதிரெதிர் என்பதை மறக்கக் கூடாது.

பிரிட்டனில் கிடைக்கும் தகடுகள் இரண்டு கதவு ஹெரால்டுக்குப் பொருந்துபவை. நம்மூர் நான்கு கதவு மாடலின் பின்பாதிக்கு அவை உதவாது. வாங்குவது இரண்டு கதவாக இருக்கட்டும்.

குறை இல்லாமலில்லை. பின்னால் ஸ்விங் ஆக்சில், அதாவது நடுவிலிருந்து மேலும் கீழும் ஆடும் அரை ஆக்சில்கள். ஆழியாற்றிலிருந்து வால்பாறை ஏறும் 40 கொண்டை ஊசி வளைவில் ஏதாவது ஒன்றில் வேகமாக நுழைந்து, பாதியில் ஆக்சிலரேட்டரை விட்டால், பின்சக்கரம் உள்ளே மடங்கி வண்டியின் பின்பக்கம் தூக்கும். ஸ்போர்ட்ஸ் கார் போல ஓட்ட நினைப்பவர் முதலில் இதை அறிந்திருக்க வேண்டும்.

கான்டெசா: உள்ளே மறைந்த துரு

இன்ஜின் கணக்கில் கான்டெசாதான் ஜெயிக்கும். முதலில் வந்தது அம்பாசிடரின் அதே 1489 சிசி. பிறகு வந்த 1.8 இசுசூ இன்ஜினும் அம்பாசிடரில் ஓடியதுதான். மெக்கானிக்குக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கண்ணாடி, டேஷ்போர்டு, குரோம் பீடிங் ஆகியவை வண்டியோடு வராவிட்டால்தான் வெசனம்.

ஆனால் இதற்குத் தனி சேஸிஸ் கிடையாது. பாடியே முதுகெலும்பு. கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி போன்ற பகுதியைப் பட்டறையில் ரன்னிங் போர்டு என்பார்கள். அது வெளியிலிருந்து பளபளவென்று இருக்கும். உள்ளே இரண்டு மூன்று அடுக்குத் தகடு பொரிந்திருக்கும். கதவின் அடியில் உள்ள வடிகால் ஓட்டையைத் தென்னஞ்சருகும் தூசியும் அடைத்து, தென்மேற்குப் பருவக்காற்றில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் சாரல் மாதக்கணக்கில் உள்ளேயே நிற்கும். பல்லடம், அவிநாசிப் பக்கத்து வண்டி என்றால் உப்புக் கலந்த போர் தண்ணீரில் கழுவிய கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மூன்று சோதனை போதும். துணி சுற்றிய காந்தத்தைச் சக்கர வளைவிலும் கதவடியிலும் நகர்த்துங்கள். பிடிக்காத இடம் பட்டி, அதாவது பள்ளத்தை நிரப்பும் புட்டி. முன் கண்ணாடியின் அடி ஓரத்தில் பெயின்ட் கொப்புளித்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ரன்னிங் போர்டுக்கு அடியில் ஜாக்கி வைத்துத் தூக்கி, கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். மூடும்போது இடிக்கிறதென்றால் கூடு தளர்ந்துவிட்டது. அதை நிமிர்த்துவது முதல் வண்டிக்கான சோலியே இல்லை.

கூடு உறுதியாக இருந்து, ரன்னிங் போர்டு மட்டும் போயிருந்தால் செய்யலாம். ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும், வண்டி நான்கு சக்கரத்தில் சமமாக நிற்க, கதவு மூடியபடி. 20 கேஜ் சிஆர்சி (குளிர்நிலையில் உருட்டிய) தகடு, மிக் வெல்டிங், 0.8 கம்பி. நீளக் கோடாக இழுக்காமல் இரண்டரை சென்டிமீட்டருக்கு ஒரு புள்ளி, கை வைத்தால் சுடாத அளவு ஆறிய பின் அடுத்த புள்ளி. கேஸ் வெல்டிங்கில் முழு நீளம் இழுத்தால் தகடு அலை அலையாக நெளியும். அந்த அலையை மறைக்க அரை அங்குலப் பட்டி அப்புவார்கள். கரூரில் பஸ் பாடி கட்டும் கைகளுக்குத் தகட்டில் நல்ல அனுபவம் உண்டு. ஆனால் நேர்த்தகடு மடிப்பது வேறு, காரின் குமிழ் வளைவைச் சுத்தியும் டாலியும் (பின்னால் தாங்கிப் பிடிக்கும் இரும்பு) வைத்துத் தட்டி எடுப்பது வேறு. அந்த வேலைக்குப் பழைய அம்பாசிடர் டிங்கரே தோது.

ஸ்டார்ம்: துருப்பிடிக்காது என்ற நினைப்பு

ஃபைபருக்குத் துரு ஏது என்று வாங்குவார்கள். அடியில் இருக்கும் இரும்புச் சட்டம் துருப்பிடிக்கும், அதுவும் ஃபைபர் மூடியிருப்பதால் டார்ச்சும் சின்னக் கண்ணாடியும் இல்லாமல் தெரியாது. பாடியை ஒட்டுவது சுலபம். விரிசலின் இருபுறமும் சரிவாகத் தேய்த்து, 450 கிராம் கண்ணாடியிழை மேட்டை ரெசினில் நனைத்து ஒட்டலாம். ஒரு கிலோ ரெசினுக்கு ஹார்டனர் 10 முதல் 20 கிராம். சித்திரை வெயிலில் 10 போதும். ரெசின் இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட்டையும் ஹார்டனரையும் நேரடியாக ஒன்றில் ஒன்று ஊற்றவே கூடாது, வெடிக்கும். கோபால்ட்டை முதலில் ரெசினில் கலக்கிய பிறகே ஹார்டனர்.

பிரச்சினை 1149 சிசி ரெனோ இன்ஜின். இதில் டைமிங் பெல்ட் உண்டு. நின்றுபோன வண்டியின் பெல்ட்டை மாற்றாமல் ஸ்டார்ட் செய்யாதீர்கள். உதிரிபாகம் தேடுவதே முழுநேர வேலையாகிவிடும். வேறு இன்ஜின் ஏற்றிவிடலாம் என்பவர்கள், ஆர்டிஓ அனுமதி இல்லாமல் அது ரோட்டுக்கு வராது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

துருவை எடுப்பது

சேஸிஸுக்கு மணல் பிளாஸ்டிங் சரி. கதவு, பானெட் போன்ற மெல்லிய தகட்டுக்கு வேண்டாம், நெளியும். ஆற்று மணல் தூசி நுரையீரலைக் கெடுக்கும். அதற்குப் பதிலாகக் கார்னெட் கல்துகளோ கண்ணாடிமணியோ கேளுங்கள். ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டில் முக்கித் தர ஆள் கிடைப்பார்கள். ஆசிட் மடிப்புக்குள் புகுந்தால் வெளியே வராது, பெயின்டுக்கு அடியில் மறுபடி பூக்கும். சின்னப் பாகங்களுக்கு மின்முறை அருமை: பிளாஸ்டிக் டிரம், லிட்டருக்கு ஒரு ஸ்பூன் சலவை சோடா, பேட்டரி சார்ஜரின் நெகட்டிவ் துருப்பிடித்த பாகத்துக்கு, பாசிட்டிவ் சாதாரண இரும்புத் துண்டுக்கு. அங்கே எவர்சில்வர் வைத்தால் தண்ணீர் விஷமாகும். வெளிக்காற்றில் செய்யுங்கள், எழும் குமிழ் ஹைட்ரஜன்.

சுத்தமான தகட்டை அன்றே எப்பாக்சி பிரைமரில் மூடிவிட வேண்டும். ஐப்பசி ஈரத்தில் ஒரு ராத்திரி விட்டால் விடியும்போது மஞ்சள் பூத்திருக்கும். பட்டி போடுவது எப்பாக்சிக்கு மேலேதான். வெறும் தகட்டில் போட்டால் பட்டி ஈரத்தை உறிஞ்சித் துருவுக்கே ஊட்டும்.

ஆர்சி

2021 விதிப்படி 50 வருடம் தாண்டிய, பெரிய மாற்றம் செய்யாத வண்டியை விண்டேஜாகப் பதியலாம். முதல் பதிவுக்கு 20,000 ரூபாய். பழைய ஹெரால்டுகள் இதற்குள் வரும். கான்டெசாவுக்கு 2034 வரை பேச்சே இல்லை. ஆனால் விண்டேஜ் வண்டியைக் கண்காட்சி, ரேலி, பெட்ரோல், பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே ரோட்டில் எடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமை ஊட்டி போக ஆசை இருந்தால் சாதாரண ஆர்சியை ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிப்பதே வழி. எந்த வண்டியானாலும் சேஸிஸ் எண்ணை ஆர்சியோடு ஒப்பிட்ட பிறகே முன்பணம். எண் இருக்கும் இடத்தில் தகட்டை வெட்டி ஒட்டியிருந்தால் வீடு திரும்பலாம்.

முதல் வண்டிக்கு ஹெரால்டு, இன்ஜின் இறுகிக் கிடந்தாலும். ஹெரால்டே அகப்படவில்லை, கான்டெசாதான் என்றால் ஜாக்கிச் சோதனையில் கதவு சுத்தமாக மூடுகிற கூடு ஒன்று வரும்வரை காத்திருங்கள். ஸ்டார்மை எடுப்பவர், ஓடாத இன்னொரு ஸ்டார்மையும் உதிரிபாகத்துக்காகச் சேர்த்தே விலை பேசிவிடுவது நல்லது.