ஆம்ஸ்டர்டாம் கால்வாய்ப் படகு: அன்லிமிடெட் டிக்கெட்டா, சாதா டிக்கெட்டா?

ஏப்ரல் பிறந்தால் ஊரிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கிவிடுவார்கள். டூலிப் தோட்டம் மே பாதி வரைதான் திறந்திருக்கும் என்பதால் எல்லாருக்கும் ஒரே சமயத்தில்தான் லீவு கிடைக்கும். தோட்டத்துக்கு ஒரு நாள், ஆம்ஸ்டர்டாமுக்கு ஒரு நாள், அங்கே போனால் கட்டாயம் ஒரு படகு. பக்கத்து ஆம்ஸ்டல்வேனில் குடியிருக்கும் பாவத்துக்கு டிக்கெட் போடும் வேலை என் தலையில் விழும். அம்மா அப்பாவோடு, ஆபீஸ் நண்பர்களோடு, மச்சினன் குடும்பத்தோடு என்று எல்லா ரகப் படகிலும் ஏறி இறங்கியாயிற்று. "எதுடா புக் பண்ணலாம்?" என்று வாட்ஸப்பில் கேட்கிறவர்களுக்குத் தனித்தனியாகப் பதில் தட்டுவதைவிட ஒரேயடியாக எழுதிவிடுவது மேல்.

சென்ட்ரல் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் டாம்ராக் ஓரமாகப் படகுகள் வரிசையாக நிற்கும். ரைக்ஸ் மியூசியம் பக்கமும் ஆன் ஃபிராங்க் வீட்டுப் பக்கமும் இதே கதைதான். போர்டு எத்தனை இருந்தாலும் சரக்கு மூன்றுதான். கண்ணாடிக் கூரை போட்ட நீளமான பெரிய படகு ஒன்று. அதில் கதை சொல்வது ஹெட்போன். இரண்டாவது திறந்த சின்னப் படகு. அதில் கேப்டனே வாயால் கதை சொல்வார், குடிக்க வேண்டுமென்றால் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். மூன்றாவது அதே திறந்த படகில் பியர், ஒயின், ஜூஸ் எல்லாம் சேர்ந்த அன்லிமிடெட் டிக்கெட்.

என் ஓட்டு நடுவில் இருப்பதற்கு. திறந்த படகு, 60 நிமிடம், சாதா டிக்கெட்.

எதில் ஏறினாலும் பார்க்கப்போவது ஏறக்குறைய ஒன்றுதான். 1613இல் வெட்டத் தொடங்கி, 2010இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய கால்வாய் வளையம் அது. பிரின்ஸன்கிராக்ட் கால்வாயோரம் வெஸ்டர்கெர்க் தேவாலயக் கோபுரம், ஹேரன்கிராக்டின் வளைவில் பழைய வணிகர்களின் மாளிகைகள், ரெகுலியர்ஸ்கிராக்ட் முனையில் ஒன்றுக்குள் ஒன்றாகத் தெரியும் ஏழு பாலங்கள், நேரமிருந்தால் ஆம்ஸ்டல் ஆற்றின் மேலுள்ள மாகெரே மரப்பாலம். ஆகவே வழியைப் பற்றி ஒப்பிட ஒன்றுமில்லை.

விலைக்கு வருவோம். நான் பார்த்தவரை சாதா டிக்கெட் 20 யூரோவை ஒட்டி இருக்கும். அன்லிமிடெட் அதைவிட 12 முதல் 15 யூரோ கூட. சீசனைப் பொறுத்து ஏறும், இறங்கும். சாதா டிக்கெட்டில் போய்ப் படகில் ஒரு பியர் வாங்கினால் 5 யூரோ போல ஆகும். ஆக, மூன்று குடித்தால்தான் அன்லிமிடெட்டில் போட்ட காசு திரும்பும். இந்தக் கணக்கை நம்மாட்கள் யாரும் சொல்லாமலே போட்டுவிடுவார்கள். போடாமல் விடுகிற கணக்கு பாத்ரூம் கணக்கு.

திறந்த படகுகளில் பெரும்பாலும் பாத்ரூம் கிடையாது. வைக்க இடமே இல்லை. தாழ்வான பாலங்களுக்கு அடியில் நுழைந்து வர வேண்டிய படகு. சுற்றிலும் மெத்தை போட்ட இருக்கை, நடுவில் ஒரு மேஜை, ஐஸ் பெட்டி, பின்னால் கேப்டன், அவ்வளவுதான். 330 மில்லி கேன் மூன்று என்றால் ஏறத்தாழ ஒரு லிட்டர். வளர்ந்த ஒருவரின் சிறுநீர்ப்பை 400, 500 மில்லிக்கு மேல் நிம்மதியாகத் தாங்காது. 200 மில்லி சேரும்போதே மணி அடிக்கத் தொடங்கும். போதாததற்கு, சிறுநீரை மட்டுப்படுத்தும் ஹார்மோனை ஆல்கஹால் அடக்கிவிடும். தண்ணீர் மேலிருந்து வரும் குளிர்காற்றும் அதற்கு ஒத்தாசை செய்யும். இந்த ஊர் மே மாதத்தைக் கோடை என்று நம்பி அரைக்கைச் சட்டையில் ஏறியவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

ஆபீஸ் நண்பர்களோடு போனது அன்லிமிடெட் படகு. கயிறு அவிழ்த்த கையோடு முதல் கேன் வந்தது. வெஸ்டர்கெர்க் மணி அடிப்பதற்குள் இரண்டாவது. ரெகுலியர்ஸ்கிராக்ட் முனையில் கேப்டன் படகை நிறுத்தி, "கொஞ்சம் குனிந்து பாருங்கள், ஏழும் தெரியும்" என்றார். எல்லாரும் குனிந்தார்கள். எதிர் வரிசையில் இருந்த ஒருவர் மட்டும் குனியவில்லை. கால் மேல் கால் போட்டார், மாற்றிப் போட்டார், கையிலிருந்த கேனை மெதுவாக மேஜை மேல் வைத்துத் தள்ளிவிட்டார். பிறகு, "இன்னும் எவ்வளவு நேரம்?" என்று கேட்டார். "இருபத்தைந்து நிமிடம்." கைக்கடிகாரத்தைக்கூடப் பார்க்காமல் பதில் வந்தது, நாள்தோறும் யாராவது கேட்கிற கேள்வி போலிருக்கிறது. அவசரம் என்று சொல்லிப் பயனில்லை. நகரக் கால்வாய்களில் மணிக்கு 6 கிலோமீட்டர்தான் வேகம், விறுவிறுவென்று நடக்கிறவரோடு போட்டி போடலாம். பாதி வழியில் இறக்கிவிடவும் மாட்டார்கள். தோன்றிய இடத்தில் நிறுத்தி ஆளை இறக்கி ஏற்ற முடியாது.

கால்வாய்தானே, இறங்கிய பிறகு ஓரமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்ற நினைப்பும் வேண்டாம். பிடித்தால் அபராதம் 100 யூரோவைத் தாண்டும். கரையோரம் கட்டிக் கிடக்கும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட படகு வீடுகளின் கழிவையே பாதாளச் சாக்கடையில் சேர்க்க வைத்திருக்கிற நகரம் இது. ஆண்களுக்காவது தெருவோரத்தில் பச்சை இரும்புத் தகட்டைச் சுருட்டி வைத்தாற்போல் பழைய காலத்துச் சிறுநீர்க் கூண்டுகள் ஆங்காங்கே உண்டு. பெண்களுக்கு அந்த வசதி ரொம்பக் குறைவு. தெருவோரம் ஒதுங்கியதற்காக ஒரு பெண்ணுக்கு அபராதம் போட்டு, 2017இல் வழக்கு விசாரணைக்கு வந்தபோது, ஆண்களுக்கான கூண்டையே பயன்படுத்தியிருக்கலாமே என்றார் நீதிபதி. பெண்கள் திரண்டு கேலியும் கோபமுமாகப் போராட்டம் நடத்தினார்கள். ஸ்டேஷன் கழிப்பறைக்குக் காசு கட்ட வேண்டும். கஃபேக்குள் போனால் ஏதாவது வாங்கச் சொல்வார்கள். அதாவது இன்னொரு பானம்.

கூட்டிக் கழித்தால், பாலத்தையும் பார்த்துக்கொண்டு நிம்மதியாகக் குடிக்க ஒரு மணி நேரத்தில் ஒன்று, மிஞ்சினால் ஒன்றரை. காசு திரும்ப வேண்டியது மூன்றில். மிச்சக் காசு தண்ணீரில் போனதுதான். இதையே 90 நிமிடம், இரண்டு மணி நேரம் என்று நீட்டினால் அன்லிமிடெட் இன்னும் லாபம் என்று தோன்றும். பாத்ரூம் இல்லாத படகில் அந்த நீளத்தை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

குடிக்காதவர்கள் நிலை இன்னும் மோசம். மச்சினன் குடும்பத்தில் அவன் ஒருவன்தான் பியர் பக்கம் போவான். ஒரே படகு என்பதால் எல்லாருக்கும் அன்லிமிடெட்தான் போட வேண்டும் என்றால், தங்கச்சி குடிக்கும் ஒரு ஆப்பிள் ஜூஸுக்கு 15 யூரோ. 18 வயது நிரம்பாத பையன்களுக்குக் கோலா மட்டும்தான்; இளமையாகத் தெரிகிற பெரியவர்களிடமும் பாஸ்போர்ட்டைக் காட்டச் சொல்வார்கள்.

அன்லிமிடெட் யாருக்கும் லாயக்கில்லை என்று சொல்லவில்லை. ஆறேழு இளவட்டங்கள் சேர்ந்து போகிறார்கள், பாலமும் கோபுரமும் இரண்டாம்பட்சம், அன்றைய சாயங்காலம்தான் முக்கியம் என்றால் தாராளமாகப் போடலாம். முன்பின் தெரியாதவர்கள் இரண்டாவது கிளாஸில் சொந்தக்காரர்களாகிவிடுகிற கலகலப்பு சாதா டிக்கெட் படகில் வராது. ஆனால் இந்த நகரம் குடிகாரச் சுற்றுலாவைக் கண்டு அலுத்துவிட்டது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். கூட்டமாக மிதித்துக்கொண்டே குடிக்கும் பியர் சைக்கிளை 2017இலேயே நகர மையத்திலிருந்து விரட்டிவிட்டார்கள். மையத்தின் பல தெருக்களில் திறந்த கேனோடு நடந்தாலே அபராதம். எனவே மிச்சத்தைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கலாம் என்ற கணக்கும் செல்லாது.

இனி நான் ஓட்டுப் போட்ட படகு. அதன் பலம் இரண்டு: தலைக்கு மேல் ஒன்றுமில்லை, கேப்டனுக்குப் பேச நேரம் இருக்கிறது. இந்த ஊரில் பார்க்க வேண்டியது பெரும்பாலும் தலைக்கு மேல்தான். வீட்டு உச்சிகளைக் கவனித்தால் சில படிப்படியாக ஏறியிருக்கும், சில கழுத்துபோல் நீண்டு நிற்கும், சில மணி வடிவில் வளைந்து இறங்கும். படி வைத்தது பொதுவாகப் பழசு, மணி வடிவம் பிந்தியது. உச்சியில் ஒரு உத்தரம் வெளியே நீட்டி, நுனியில் கொக்கியோடு இருக்கும். உள்ளே படிக்கட்டு ஏணி மாதிரி செங்குத்து, ஒரு பீரோகூடத் திரும்பாது. அதனால் இன்றைக்கும் சோபாவோ கட்டிலோ வந்தால் கயிறு கட்டி, வெளியே தூக்கி, ஜன்னல் வழியாகத்தான் உள்ளே இழுக்கிறார்கள். தூக்கும் சாமான் சுவரில் இடிக்காமல் இருக்க முகப்பையே தெருப்பக்கம் லேசாகச் சாய்த்துக் கட்டியிருக்கிறார்கள். மற்றபடி பக்கவாட்டில் சாய்ந்து நிற்கும் வீடுகள் கட்டியவர் விருப்பத்தால் சாய்ந்தவை அல்ல. அடியில் அடித்த மரத்தூண் உளுத்துப்போன விவகாரம்.

இதையெல்லாம் எனக்குச் சொன்னது ஒரு கேப்டன், ஒரு கை சுக்கானிலும் ஒரு கை ஆகாயத்திலுமாக. அம்மா விடவில்லை. "அந்தக் கொக்கியில கிரைண்டர் ஏத்துவாங்களான்னு கேளுடா" என்றாள். கேட்டேன். பியானோவே ஏற்றுகிறோம் என்றார். அன்லிமிடெட் படகில் அதே மாதிரிக் கதை ஆரம்பித்து, யாரோ கேன் கேட்க, பாதியில் நின்றுபோனது. கேப்டன் மறுபடி கதைக்கு வந்தபோது அந்த வீடு பின்னால் போய்விட்டிருந்தது. ஊற்றிக் கொடுக்கத் தனி ஆள் இருக்கும் படகில் இந்தத் தொல்லை இருக்காது.

பாலத்துக்கு அடியில் போகும்போது வளைவின் செங்கல் தலைக்கு ஒரு முழம் மேலே வந்து நிற்கும். கை தானாக நீளும், கேப்டன் அதட்டுவார். கண்ணாடிக் கூரைக்கு உள்ளே இருந்தால் இந்த இடத்தில் வெளிச்சம் போய் வருவது மட்டும்தான் தெரியும். படம் எடுத்தால் உங்கள் முகமும் எதிர் சீட்டுக்காரர் ஜாக்கெட்டும் சேர்ந்து விழும்.

அதற்காகப் பெரிய படகை ஒதுக்கவும் முடியாது. அப்பாவுக்கு சுகர். திறந்த படகுக்கே கூட்டிப்போகலாம் என்று நினைத்தபோது, "ஒரு மணி நேரம்தானே, அடக்கிக்கலாம்" என்றாள் அம்மா. "அடக்கப்போறது நீயா, நானா?" என்றார் அப்பா. அவரைக் கண்ணாடிப் படகில்தான் கூட்டிப்போனேன். பின்பக்கம் சின்னதாக ஒரு பாத்ரூம் இருந்தது; ஒரு தடவை போய்விட்டும் வந்தார். மழை, குளிர் பயமில்லை, ஏறி இறங்க நல்ல படி, ஹெட்போனில் பல மொழி (நான் ஏறியவற்றில் தமிழ் இல்லை). பெரிய படகுகள் எல்லாவற்றிலும் பாத்ரூம் இருந்துவிடாது, ஒரு மணி நேரச் சுற்றுக்கு அது இல்லாமலே ஓடுகிறவையும் உண்டு. வயதானவர்களோடும் கைக்குழந்தையோடும் போகிறவர்கள் கூரையை மறந்துவிட்டு இதையே பார்த்துப் போடலாம்.

நான்காவதாக ஒன்று உண்டு: மின்சாரப் படகை வாடகைக்கு எடுத்து நாமே ஓட்டுவது. 15 மீட்டருக்குள் நீளமும் மணிக்கு 20 கிலோமீட்டருக்குள் வேகமும் உள்ள படகுக்கு நெதர்லாந்தில் லைசென்ஸ் தேவையில்லை. குடிக்க நாமே கொண்டுபோகலாம், பாத்ரூம் வேண்டுமென்றால் ஒரு கஃபே பக்கம் ஒதுங்கலாம், ஆளுக்குப் பங்கு போட்டால் விலையும் கட்டுப்படி. ஆனால் சுக்கான் பிடிக்கிறவருக்குக் கார் ஓட்டுகிறவருக்கு உள்ள அதே ரத்த ஆல்கஹால் வரம்புதான். நான் அதில் பயணியாகப் போனதோடு சரி. குறுகலான பாலத்துக்கு எதிரே கண்ணாடிப் படகு வந்தபோது நண்பன் முகம் போன போக்கைப் பார்த்தவன் என்பதால் அதற்கு மேல் சாட்சி சொல்ல மாட்டேன்.

நான் போனதெல்லாம் ஏப்ரலுக்கும் செப்டம்பருக்கும் நடுவில். டிசம்பரில் விளக்குத் திருவிழா சமயத்தில் போகிறவர்கள் இந்த அலசலைப் பாதியாக எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் குளிருக்கு ஹீட்டர் போட்ட மூடின படகுதான் சரி என்று போய்வந்தவர்கள் சொல்கிறார்கள். ஜூனில் வந்தால் இரவு பத்து மணிவரை வெளிச்சம் இருக்கும், எட்டு மணிப் படகைப் பிடியுங்கள்; செங்கல் சுவர்களில் வெயில் சாய்வாக விழும் நேரம், பகல் கூட்டமும் குறைந்திருக்கும். ஸ்வெட்டர் கட்டாயம். புக்கிங் பக்கத்தில் பான விவரத்தைப் படிக்கும் முன் வசதிகள் பட்டியலைப் பாருங்கள். பாத்ரூம் இருந்தால் பெருமையாகப் போட்டிருப்பார்கள், போடவில்லை என்றால் இல்லை.