11 மாத நகைச்சீட்டு: "சேதாரம் இல்லை" என்பதில் உண்மையில் எவ்வளவு மிச்சம்?

நகைக்கடைச் சீட்டை வங்கி ஆர்டி (மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பு) போலச் சேமிப்பு என்று நினைத்துச் சேர்கிறவர்கள் ஒரு பக்கம். தங்கத்தில் முதலீடு என்று நினைத்துச் சேர்கிறவர்கள் இன்னொரு பக்கம். அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதைப் படித்தால் விஷயம் வேறு. 11 மாதம் முன்பணம் கட்டி, சேதாரத்தில் (நகை செய்யும்போது வீணாகும் தங்கத்துக்கென்று கடை விலையோடு சேர்க்கும் சதவீதம்) ஒரு தள்ளுபடியை நாம் வாங்குகிறோம். அந்தத் தள்ளுபடி கட்டுபடியாகிறதா இல்லையா என்பது கடையின் பெயரைவிட, கடைசி நாளில் எந்த நகையை எடுக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

முதலில் ஏன் 11 மாதம்? 12 மாதம் கட்டி ஒரு மாதத் தவணையைப் போனஸாக வாங்கிய பழைய சீட்டுகள் பலருக்கும் நினைவிருக்கும். 2014-ல் வந்த கம்பெனி வைப்புத்தொகை விதிகளின்படி, பொருளுக்காக வாங்கும் முன்பணத்துக்கு 365 நாளுக்குள் பொருளைக் கொடுத்துவிட வேண்டும். தாண்டினால் அது 'வைப்புத்தொகை' ஆகிவிடும், அதற்கான கட்டுப்பாடுகள் அனைத்தும் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆகவே 11 தவணை, அதை ஒட்டி நகை. சீட்டு முடிந்தும் எடுக்காமல் ஆறப்போட்டால் கடைக்காரர் போன் மேல் போன் போடுவதற்குக் காரணமும் இதுதான்.

சந்தையில் இருப்பது இரண்டு வகை. ஒன்றில் கட்டிய பணம் பணமாகவே நிற்கும், கடைசி நாள் விலையில் நகை எடுக்கலாம். மற்றதில் ஒவ்வொரு தவணையும் கட்டிய அன்றைய 22 காரட் விலைக்குக் கிராமாக மாறி வரவாகும். கடைசியில் இரண்டில் எது லாபமோ அதை எடுத்துக்கொள்ளச் சொல்லும் கடைகளும் உண்டு. அப்படி ஒன்று கிடைத்தால் யோசிக்க வேண்டாம். சேதாரச் சலுகை பல கடைகளில் 18 சதவீதம் வரை என்று இருக்கும். சில கடைகளில் குறைவு, சில கடைகளில் பாதிச் சேதாரம் மட்டும். சேரும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி இந்த எண்தான்.

இப்போது கணக்கு. எளிதாக இருக்கட்டும் என்று கிராம் 10,000 ரூபாயில் தொடங்கி மாதம் 200 ரூபாய் ஏறி, 11-வது தவணையில் 12,000 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை 5,000. முதல் மாதம் 0.500 கிராம், இரண்டாம் மாதம் 0.490, இப்படிக் குறைந்து குறைந்து கடைசி மாதம் 0.416. கூட்டினால் 5 கிராமுக்கு ஒரு துளி மேல், 5.01 கிராம். இதே 55,000 பணமாக நின்றிருந்தால் கடைசி நாள் விலையில் 4.58 கிராம்தான். விலை ஏறும்போது கிராம் சீட்டு ஜெயிக்கிறது. தலைகீழாக 12,000-ல் தொடங்கி 10,000-க்கு இறங்கினால், கிராம் சீட்டில் அதே 5.01, பணச் சீட்டில் 5.5 கிராம்.

சரி, இதையே வங்கியில் ஆர்டி போட்டு, முடிந்ததும் கடையில் போய் ரொக்கத்துக்கு வாங்கினால்? 6.5 சதவீத வட்டி என்றால் 11 மாதத்தில் சுமார் 1,790 ரூபாய் வட்டி வரும், கையில் 56,790. விலை ஏறிய கதையில், 14 சதவீதச் சேதாரமும் 3 சதவீத ஜிஎஸ்டியும் சேர்த்தால் கிராமுக்கு 14,090 ரூபாய் ஆகிறது. 4.03 கிராம் கிடைக்கும். சீட்டுக்காரர் 5.01 கிராம் எடுக்கிறார். ஜிஎஸ்டிக்குக் கையிலிருந்து 1,800 போடுகிறார். ஆக இருவர் கையிலிருந்து போனதும் ஏறக்குறைய ஒரே தொகை, வித்தியாசம் ஒரு கிராம். கேட்க நன்றாக இருக்கிறது.

ஆனால் 14 சதவீதச் சேதாரத்தை அப்படியே கொடுத்துவிட்டு வருபவர் யார்? ரொக்கம் கையில் வைத்துப் பேசினால் 14-ஐப் 10-க்குக் கொண்டுவருவது பெரிய வித்தை இல்லை. ஆடி, அட்சய திருதியை சமயத்தில் பேசாமலே குறைப்பார்கள். ஆக சீட்டின் உண்மையான சலுகை லேபிளில் இருக்கும் 14 இல்லை, பேரம் பேசியபின் மிஞ்சும் 10. விலை இறங்கிய கதையில் இந்த 10-ஐப் போட்டுப் பார்த்தால் ஆர்டிக்காரருக்கும் 5.01 கிராம்தான் வருகிறது. சமம்! 8 சதவீதச் சேதாரத்தில் கிடைக்கும் எளிய சங்கிலி என்றால் ஆர்டிக்காரர் முந்திவிடுகிறார். விலை இறங்கும் வருடத்தில், சேதாரம் குறைந்த நகைக்கு, கிராம் சீட்டு வீண் வேலை. சேதாரம் அதிகமான ஜிமிக்கி, நெக்லஸ், வேலைப்பாடு உள்ள வளையல் எடுப்பவருக்குத்தான் அது அர்த்தமுள்ளது, அதுவும் அந்த 18 சதவீத எல்லைக்குள் இருக்கும்வரை. டெம்பிள் நகை, ஆன்டிக் டிசைன்களில் சேதாரம் எளிதில் 18-ஐத் தாண்டும். 22 சதவீதம் என்றால் மேலே உள்ள 4 நம் தலையில்.

பெரும்பாலானவர்கள் அடிபடும் இடம் இன்னொன்று. சீட்டில் 5 கிராம் சேர்ந்திருக்கிறது, தட்டில் 8 கிராம் சங்கிலி பிடித்துப்போகிறது. "மீதி 3 கிராம்தானே, முப்பத்தாறாயிரம்" என்று மனக்கணக்கு ஓடும். பில் வேறு மாதிரி வரும். கூடுதலான 2.99 கிராமுக்குத் தங்க விலை 35,880. சேதாரச் சலுகை சீட்டில் சேர்ந்த எடைக்கு மட்டும்தான், ஆகவே இந்த 2.99-க்கு 14 சதவீதச் சேதாரம் முழுதாக விழும்: சுமார் 5,020. ஜிஎஸ்டி 3 சதவீதம், அதுவும் கூடுதல் எடைக்கு மட்டும் இல்லை, முழுச் சங்கிலிக்கும், சுமார் 3,030. ஹால்மார்க் கட்டணம் உருப்படிக்கு 45 ரூபாயும் அதன் வரியும். கூட்டினால் கையிலிருந்து 44,000 ரூபாய்க்குப் பக்கம் போகிறது. கடைக்கு லாபம் வருவது இந்தக் கூடுதல் எடையில்தான். சீட்டு முடிகிற நாளில் விற்பனையாளர் பெரிய தட்டை முதலில் எடுத்து வைப்பதில் ஆச்சரியம் இல்லை.

குறைவாக எடுத்தாலும் சிக்கல். 5 கிராம் சேர்த்து 4.2 கிராம் தோடு எடுத்தால், மீதி 0.8 கிராமுக்குப் பணம் திரும்ப வராது. ஏதாவது ஒரு மூக்குத்தியைத் தலையில் கட்டுவார்கள். காசு கேட்டால், காசுக்குச் சலுகை கிடையாது என்று விதியில் இருக்கும், சில கடைகளில் காசே தரமாட்டார்கள்.

அதனால் தவணைத் தொகையை நகையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட வேண்டும். சேரும் முன்னாலேயே கடைக்குப் போய், என்ன நகை, எத்தனை கிராம், லேபிளில் சேதாரம் எத்தனை சதவீதம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். 4 கிராம் தோடு வேண்டும், கிராம் 12,000 என்றால் 48,000. 11-ஆல் வகுத்தால் 4,364. இதில் 4,500 கட்டுவதைவிட 4,000 கட்டுவது மேல். கொஞ்சம் குறைந்தால் அந்தக் குறைந்த எடைக்கு மட்டும் சேதாரம் கொடுத்தால் போதும். கூடினால் வேண்டாத உருப்படி ஒன்று வீட்டுக்கு வரும். மாதம் 10,000 கட்ட முடிகிறவர்கள் ஒரே அட்டையாகப் போடாமல் 5,000 வீதம் இரண்டு அட்டையாகப் போடுவது நல்லது. நடுவில் பணமுடை வந்தால் ஒன்றை நிறுத்திவிட்டு மற்றதைக் காப்பாற்றலாம்.

நடுவில் நிறுத்தினால் என்ன ஆகும் என்பது கடைக்குக் கடை மாறும். பொதுவாக, 11 தவணையும் முடியாமல் எடுத்தால் சேதாரச் சலுகை கிடையாது அல்லது பாதிதான். கட்டியதற்கு நகையாகத்தான் எடுக்க வேண்டும், பணமாகக் கேட்டால் இழுத்தடிப்பு. ஒரு மாதம் தவறினால் முடிவு தேதி தள்ளிப்போகும். ஆட்டோ டெபிட் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது: கணக்கில் பணம் இல்லாமல் அது திரும்பினால் வங்கி தனியாக அபராதம் பிடிக்கும். கிராம் சீட்டில் ஆட்டோ டெபிட் தேவையும் இல்லை. மாதத்துக்குள் எந்த நாள் கட்டுவது என்பது பெரும்பாலும் நம் விருப்பம். விலை இறங்கிய நாளில் யுபிஐயில் கட்டிவிடலாம். தங்க விலை காலையில் ஒருமுறை வரும், சில நாள் மாலையிலும் மாறும். கட்டியவுடன் வரும் குறுஞ்செய்தியில் எந்த விலைக்கு எத்தனை கிராம் வரவாகியிருக்கிறது என்பதை அன்றைய விலையோடு ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நிமிடம் போதும். எடை மூன்று தசம இடத்தோடு வெட்டப்படும், அது பெரிய விஷயம் இல்லை. நேற்றைய கூடுதல் விலைக்கு வரவு வைத்திருந்தால் அதுதான் விஷயம்.

கிரெடிட் கார்டு பில்லில் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிவிட்டு நகைச்சீட்டை விடாமல் கட்டுகிற வீடுகள் நிறைய. கார்டில் நிலுவைக்கு மாதம் மூன்றரை சதவீதம் வாக்கில் வட்டி ஓடும், வருடத்துக்கு 40-க்கு மேல். சேதாரத்தில் 10 சதவீதம் மிச்சம் பிடிக்க அதைக் கொடுப்பது கூரையைப் பிரித்து அடுப்பெரிக்கிற கதை. கார்டை முதலில் முடியுங்கள்.

பாதுகாப்பு பற்றிச் சுருக்கமாக. வங்கி டெபாசிட்டுக்கு 5 லட்சம் வரை காப்பீடு உண்டு. நகைச்சீட்டுக்கு எதுவும் இல்லை. கடை மூடினால் நாம் பிணை இல்லாமல் கடன் கொடுத்தவர்கள் வரிசையில், வங்கிகளுக்குப் பின்னால் நிற்க வேண்டும். தமிழ்நாட்டில் 1997-ல் வந்த முதலீட்டாளர் நலன் பாதுகாப்புச் சட்டம், பொருளாதாரக் குற்றப்பிரிவு, 2019-ன் ஒழுங்குபடுத்தப்படாத வைப்புத்தொகைத் தடைச் சட்டம் என்று வழிகள் இருக்கின்றன. வழி இருப்பது வேறு, பணம் கைக்கு வருவது வேறு. 11 மாதத்துக்குப் பதில் 24 மாதம், மாதம் 2 சதவீத வட்டி, பழைய நகையைக் கொடுத்துவைத்தால் வருடம் கழித்துச் சேதாரமில்லாமல் புது நகை என்றெல்லாம் பேச ஆரம்பித்தால் அது நகைச்சீட்டு எல்லையைத் தாண்டிவிட்டது; வெளியே வந்துவிடுங்கள். நல்ல கடையாக இருந்தாலும் ஒரு வீட்டின் மொத்தச் சேமிப்பையும் ஒரே கடையில் கொட்ட வேண்டாம்.

"அவசரத்துக்கு அடகு வைக்கலாமே" என்று நகை சேர்ப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. அடகில் நிகரத் தங்கத்துக்கு மட்டும்தான் மதிப்பு. கல், சேதாரம், ஜிஎஸ்டி எதுவும் கணக்கில் வராது. ரிசர்வ் வங்கியின் 2025 விதிகளின்படி தங்க மதிப்பு கடந்த 30 நாள் சராசரி விலை, முந்தைய நாள் விலை இரண்டில் குறைந்ததை வைத்துக் கணக்கிடப்படும், 2.5 லட்சம் வரையிலான கடனுக்கு அதில் 85 சதவீதம் வரை கொடுக்கலாம். ஆகவே அடகுக்காகவே தங்கம் சேர்ப்பவர் சேதாரம் கொடுத்து ஜிமிக்கி வாங்குவதில் பொருளில்லை. சேதாரம் மிகக் குறைந்த வெறும் வளையல் அல்லது சங்கிலி போதும். விலை ஏற்றம் மட்டும்தான் வேண்டும் என்றால் தங்க இடிஎஃப் (பங்குச்சந்தையில் வாங்கி விற்கும் தங்க நிதி) இருக்கிறது, சேதாரமும் இல்லை, லாக்கரும் வேண்டாம்.

சீட்டு எடுக்கும் நாளில் அட்டை, ஆதார், பதிவு செய்த போன் மூன்றும் கையில் இருக்க வேண்டும். ஓடிபி அந்தப் போனுக்குத்தான் வரும். நடுவில் நம்பர் மாற்றியிருந்தால் ஒரு வாரம் முன்னாலேயே கடையில் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள். கூடுதல் எடையோடு பில் 2 லட்சத்தைத் தாண்டினால் பான் கேட்பார்கள். பில்லாக அடிக்கச் சொல்லும் முன் எஸ்டிமேட் துண்டு வாங்குங்கள். பில் அடித்தால் சீட்டு முடிந்ததாகப் பதிவாகிவிடும், அப்புறம் பேச்சு எடுபடாது. துண்டில் பார்க்க வேண்டியவை: மொத்த எடையிலிருந்து கல் எடை கழிக்கப்பட்டிருக்கிறதா, சேதாரச் சலுகை முழுச் சீட்டு எடைக்கும் வந்திருக்கிறதா, "செய்கூலி" அல்லது "பாலிஷ்" என்று தனி வரி ஏதாவது முளைத்திருக்கிறதா. சேதாரத்தைத் தள்ளுபடி செய்துவிட்டுச் செய்கூலியாகத் திரும்ப வாங்குவது பழைய வழக்கம். நகையில் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரையோடு, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க எச்யூஐடி (ஒவ்வொரு நகைக்கும் உரிய தனி அடையாளக் குறியீடு) இருக்கும், 2023 ஏப்ரல் 1 முதல் அது கட்டாயம். பிஐஎஸ் கேர் செயலியில் அந்த ஆறையும் தட்டினால் நகை வகையும் தூய்மையும் வரும். தோடு என்று பில் போட்ட நகைக்குச் செயலி மோதிரம் என்று காட்டினால், கவுன்ட்டரை விட்டு எழுந்திருக்காதீர்கள்.